தங்கக் கடத்தலும் தடுப்புக் காவலும்: நீதிமன்றம் உண்மையில் எதைப் பார்க்கிறது?

“தங்கம் கடத்தியதாகப் பிடிபட்டவர் மீதான காஃபிபோசா காவல் ரத்து” என்று அவ்வப்போது செய்தித்தாளில் ஒரு செய்தி வரும். காஃபிபோசா என்பது கடத்தலில் ஈடுபடுவதாகக் கருதப்படுபவரைத் தடுப்புக் காவலில் வைக்க வழிசெய்யும் சட்டம். படித்ததும் முதலில் எழும் கேள்வி, ‘அப்படியென்றால் அவர் கடத்தவே இல்லையா?’ அடுத்தது கொஞ்சம் கோபத்தோடு வரும்: ‘கிலோ கணக்கில் தங்கத்தோடு பிடிபட்டவரை எப்படி விட்டார்கள்?’

இரண்டு கேள்விக்கும் அந்தத் தீர்ப்பில் பதில் இருக்காது. அவர் கடத்தினாரா இல்லையா என்பதை அந்த நீதிமன்றம் விசாரிக்கவே இல்லை. அது விசாரித்தது அரசாங்கத்தை. வழக்கு நடத்தாமல், குற்றத்தை நிரூபிக்காமல் ஒரு மனிதரை ஓராண்டு வரை உள்ளே வைக்கும் அதிகாரத்தை அரசாங்கம் சட்டம் சொன்னபடி பயன்படுத்தியதா என்பது மட்டும்தான் அங்கே கேள்வி. இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாகப் புரியும்.

ஒரே ஆள், இரண்டு பாதைகள்

விமான நிலையத்தில் ஒருவர் தங்கத்தோடு பிடிபடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுங்கத் துறையோ, டி.ஆர்.ஐ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகமோ அவரைக் கைது செய்யும். 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி வழக்கு பதிவாகும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ளலாம், ஜாமீன் கேட்கலாம். பிறகு விசாரணை, சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு. குற்றம் நிரூபணமானால், கடத்திய பொருளின் மதிப்பைப் பொறுத்து 7 ஆண்டு வரை சிறை. தங்கத்தைப் பறிமுதல் செய்வதும் அபராதம் விதிப்பதும் தனியாகச் சுங்க அதிகாரிகள் முன் நடக்கும். இது முதல் பாதை. நமக்குத் தெரிந்த, வழக்கமான கிரிமினல் வழக்கு.

இரண்டாவது பாதை வேறு மாதிரி. பிடித்த அதிகாரிகள் ஆவணங்களைக் கட்டி மேலே ஒரு பரிந்துரை அனுப்புவார்கள். டெல்லியில் இதற்கென்று அதிகாரம் பெற்ற, இணைச் செயலாளர் பதவிக்குக் குறையாத ஒருவரோ, மாநிலத் தலைமைச் செயலகத்தில் செயலாளர் நிலையில் உள்ள ஒருவரோ அந்தக் காகிதங்களைப் படிப்பார். ‘இவரை வெளியே விட்டால் மறுபடியும் கடத்துவார், அதைத் தடுக்க உள்ளே வைக்க வேண்டும்’ என்று அவருக்குத் தோன்றினால் போதும், காவல் ஆணை பிறப்பிக்கலாம். இது 1974ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிப் பாதுகாப்பு மற்றும் கடத்தல் தடுப்புச் சட்டம் தரும் அதிகாரம். அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்ததுதான் ‘காஃபிபோசா’. இங்கே குற்றப்பத்திரிகை கிடையாது, சாட்சி கிடையாது, ஜாமீன் என்ற பேச்சே கிடையாது. நடந்த குற்றத்துக்கான தண்டனை அல்ல இது. நடக்கப்போவதாக அதிகாரி கருதும் ஒன்றைத் தடுப்பதற்கான காவல்.

கடத்தியவர் மட்டும்தான் மாட்டுவார் என்றும் இல்லை. கடத்தலுக்குத் துணை போனவர், கடத்திய பொருளை எடுத்துச் சென்றவர், ஒளித்து வைத்தவர், வாங்கி விற்றவர், கடத்தல்காரருக்கு இடம் கொடுத்தவர் என எல்லாரும் அதே பிரிவில் வருகிறார்கள். ‘குருவி’ என்று நாம் சொல்கிற, கூலிக்குச் சுமந்து வருபவரும் இதில் அடக்கம், பின்னால் பணம் போட்டவரும் அடக்கம்.

இரண்டு பாதைகளும் ஒரே சமயத்தில் ஓடும்போது என்ன ஆகும் என்பதற்கு அண்மைய உதாரணம் ஒன்று. 2025 மார்ச்சில் பெங்களூரு விமான நிலையத்தில் 14 கிலோவுக்கு மேல் தங்கம் வைத்திருந்ததாகக் கன்னட நடிகை ஒருவரை டி.ஆர்.ஐ. கைது செய்தது. உரிய காலத்துக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாததால் மே மாதம் அவருக்கு ஜாமீன் கிடைத்தது. ஆனாலும் அவர் வெளியே வர முடியவில்லை. ஏப்ரலிலேயே காஃபிபோசா ஆணை வந்துவிட்டது. முதல் பாதையின் கதவு திறந்தாலும் இரண்டாவது பாதையின் கதவு பூட்டியே இருக்கும்.

இப்படி ஒரு சட்டம் ஏன் வந்தது

1960களில் தங்கக் கட்டுப்பாடு வந்து, 1968இல் அது தனிச் சட்டமாகவே ஆனது. சட்டப்படி தங்கம் இறக்குமதி செய்வது ஏறக்குறைய முடியாத காரியமாக இருந்தது. ஆனால் கல்யாணத்துக்குத் தங்கம் வேண்டும் என்ற தேவை குறையவே இல்லை. உள்ளூர் விலைக்கும் வெளிநாட்டு விலைக்கும் இருந்த இடைவெளியில் துபாயிலிருந்து பம்பாய்க் கரைக்குத் தங்கம் படகில் வந்து இறங்கியது. அந்தக் காலத்துப் பம்பாயில் பெயர் பெற்ற ஹாஜி மஸ்தான் இராமநாதபுரம் பக்கத்துப் பனைக்குளத்தில் பிறந்தவர். 1974 செப்டம்பரில், மிசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை ஓர் அவசரச் சட்டத்தால் கடத்தல்காரர்களுக்கும் விரித்தார்கள். அவரும் அந்த ஆண்டு அதில் உள்ளே போனார். அந்த ஏற்பாட்டை நிரந்தரமாக்கவே அதே ஆண்டு டிசம்பரில் காஃபிபோசா வந்தது. அடுத்த சில மாதங்களில் நெருக்கடிநிலையும் வந்ததால், சட்டம் பிறந்த காலமே காவல் அதிகாரம் மிகக் கடுமையாகக் கையாளப்பட்ட காலமாகிவிட்டது.

தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல் போய்விட்டது. மிசா 1970களோடு போனது. காஃபிபோசா மட்டும் இருக்கிறது. 1994இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு இந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டதால், ‘சட்டமே தப்பு’ என்று இன்று யாரும் வழக்குப் போட்டு ஜெயிக்க முடியாது. ‘இந்த ஆணை தப்பு’ என்றுதான் வாதாட முடியும்.

கடத்தல் ஏன் ஓயவில்லை என்றால், அதில் வரி ஒரு பெரிய காரணம். 2024 ஜூலை பட்ஜெட் வரை தங்கத்துக்கு இறக்குமதி வரி 15 சதவீதம். அந்த பட்ஜெட்டில் 6 ஆகக் குறைத்தார்கள். 15 சதவீதம் என்றால் ஒரு கிலோவில் மிச்சமாகும் தொகை எவ்வளவு என்று கணக்குப் போட்டாலே, மாத்திரை வடிவில் விழுங்கியும், பசையாக்கி உள்ளாடையில் மறைத்தும், மண்டபம் பக்கத்தில் இலங்கையிலிருந்து படகேற்றியும் ஏன் கொண்டுவருகிறார்கள் என்பது விளங்கும்.

அரசியலமைப்பு விட்டுவைத்த சிறு இடம்

தடுப்புக் காவலை நமது அரசியலமைப்பே அனுமதிக்கிறது. 22ஆவது கூறு, கைதான எவருக்கும் வக்கீல் உண்டு, 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு, அந்த இரண்டும் தடுப்புக் காவலுக்குப் பொருந்தாது என்றும் சொல்கிறது. அதற்கு ஈடாக அது தருவது மூன்றே பாதுகாப்புகள். எந்தக் காரணத்துக்காக வைத்திருக்கிறோம் என்பதை முடிந்தவரை விரைவில் தெரிவிக்க வேண்டும். அதை எதிர்த்து முறையீடு செய்ய முதல் வாய்ப்பிலேயே இடம் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால் அறிவுரைக் கழகம் ஒப்ப வேண்டும்.

காஃபிபோசா இந்த மூன்றுக்கும் நாள் கணக்கு வைத்திருக்கிறது. காரணங்களைச் சாதாரணமாக 5 நாளுக்குள் தர வேண்டும். அசாதாரணச் சூழல் என்றால், ஏன் தாமதம் என்று எழுதி வைத்து 15 நாளுக்குள். மாநில அரசு ஆணையிட்டால் 10 நாளுக்குள் மத்திய அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 5 வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும். காவல் தொடங்கி 11 வாரத்துக்குள் அது அறிக்கை தர வேண்டும். உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர், இருந்தவர், அல்லது அதற்குத் தகுதி உள்ளவர்கள்தான் கழகத்தில் உட்காருவார்கள். போதிய காரணம் இல்லை என்று அவர்கள் சொன்னால் அரசு விடுவித்தே தீர வேண்டும். அங்கே வக்கீல் வைத்து வாதாட உரிமை கிடையாது. அரசுத் தரப்பில் வக்கீல் வந்தால் மட்டும் இந்தத் தரப்புக்கும் அந்த வாய்ப்பைத் தர வேண்டும் என்று 1980களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்தப் பாதுகாப்புகளுக்கு உயிர் கொடுக்கும் வேலை முதல் நாளிலிருந்தே நீதிமன்றங்களுக்கு வந்துவிட்டது. 1950இல், அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த சில மாதங்களிலேயே, மதராஸ் மாகாணச் சிறையிலிருந்து கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் போட்ட மனு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அவர் தோற்றார். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் பக்கம் நின்றது நீதிமன்றம்: காவலுக்கான காரணங்களைக் கோர்ட்டிலேகூட வெளியிடக் கூடாது என்ற சட்டப் பிரிவை அது அடித்துவிட்டது. காரணத்தை மறைத்துவிட்டால் முறையீட்டு உரிமைக்கு அர்த்தமே இல்லை என்ற எண்ணம் அன்றே வேரூன்றியது.

ஆட்கொணர்வு மனு

வழி என்ன? ஆட்கொணர்வு மனு. காவலில் இருப்பவரை முன்னால் நிறுத்தி, அந்தக் காவல் சட்டப்படியானதா என்று பார்க்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கும் மனு அது. உள்ளே இருப்பவரே போடலாம், அம்மாவோ மனைவியோ அண்ணனோ போடலாம். உயர் நீதிமன்றத்துக்கு 226ஆவது கூறின்படி, நேராக உச்ச நீதிமன்றத்துக்கு 32ஆவது கூறின்படி. சென்னையிலும் மதுரைக் கிளையிலும் இரு நீதிபதிகள் அமர்வு இவற்றை விசாரிக்கிறது.

நீதிபதிகள் அதிகாரியின் நாற்காலியில் தாங்கள் உட்கார்ந்து, ‘எங்களுக்கு இவர் ஆபத்தானவராகத் தோன்றவில்லை’ என்று சொல்ல மாட்டார்கள். முடிவு அதிகாரியின் மனத் திருப்தியைச் சார்ந்தது. ஆனால் அந்தத் திருப்தி எப்படி வந்தது என்று கேட்பார்கள். எல்லாக் காகிதங்களும் அவர் முன் வைக்கப்பட்டனவா? அவர் மனதைச் செலுத்திப் படித்தாரா, அல்லது கீழே எழுதி வந்ததில் கையெழுத்துப் போட்டாரா? சட்டப்படி நடந்தோம் என்று காட்டும் பொறுப்பு அரசின் மேல். மனுதாரர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. 1980இல் இச்சு தேவி வழக்கில், மகனுக்காக ஒரு தாய் போட்ட மனுவில், நீதிபதி பகவதி இதை அழுத்தமாகச் சொன்னார். அரசு ஆதாரமாக வைத்த ஒலிநாடாக்களின் படிகளைக் காவலில் இருப்பவருக்கு உரிய நேரத்தில் தரவில்லை என்பதற்காக அந்தக் காவல் ரத்தானது.

ஆவணங்களும் மொழியும்

ரத்தாகும் ஆணைகளில் பல விழுவது இங்கேதான்.

அதிகாரி எந்த ஆவணத்தை நம்பி முடிவெடுத்தாரோ அதன் படி, காரணங்களோடு சேர்த்துக் கொடுக்கப்பட வேண்டும். ஒரு பக்கம் விட்டுப்போனாலும் கேள்வி வரும். கதையைச் சொல்லும்போது போகிற போக்கில் குறிப்பிட்ட ஆவணம் வேறு, நம்பிய ஆவணம் வேறு என்று நீதிமன்றங்கள் பிரித்துப் பார்க்கின்றன. முதல் வகை கிடைக்காததால் முறையீடு எழுதுவது எப்படிப் பாதிக்கப்பட்டது என்று மனுதாரர் காட்ட வேண்டும். இரண்டாவது வகைக்கு அந்த அவசியமே இல்லை. தரவில்லை என்றால் அதோடு ஆணை போயிற்று.

கொடுத்தால் மட்டும் போதாது, அவருக்குத் தெரிந்த மொழியில் கொடுக்க வேண்டும். 1981இல் குஜராத்தி மட்டும் தெரிந்த ஒருவருக்கு ஆங்கிலத்தில் காரணங்களைக் கொடுத்துவிட்டு, போலீஸ் அதிகாரி வாயால் விளக்கிச் சொன்னார் என்று அரசு வாதாடியது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கேட்டதை நினைவில் வைத்துக்கொண்டு யாரும் முறையீடு எழுத முடியாது. கையில் காகிதம் இருக்க வேண்டும். 1999இல் தமிழ்நாட்டிலிருந்து போன, குண்டர் சட்டத்தின் கீழான ஒரு வழக்கில், நம்பிய ஆவணங்களில் ஒன்றின் தமிழாக்கம் தரப்படவில்லை என்பதே ஒரு பெண்ணின் விடுதலைக்குப் போதுமான காரணமானது. அது கடத்தல் வழக்கு இல்லை, ஆனால் அதே விதிதான் காஃபிபோசாவுக்கும்.

கொடுப்பதில் மட்டுமல்ல, அதிகாரி பார்த்ததிலும் ஓட்டை இருக்கலாம். சுங்க அதிகாரிகள் சுங்கச் சட்டத்தின் 108ஆவது பிரிவின்படி வாக்குமூலம் வாங்குவார்கள். பெரும்பாலான தங்க வழக்குகளில் அதுதான் முக்கிய ஆதாரம். அடுத்த நாளோ அடுத்த வாரமோ மாஜிஸ்திரேட் முன்பாக, ‘மிரட்டி எழுதி வாங்கினார்கள்’ என்று அந்த ஆள் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். அப்படித் திரும்பப் பெற்றது உண்மையா பொய்யா என்பது விசாரணையில் பார்க்க வேண்டியது. ஆனால் அந்தக் கடிதமே காவல் ஆணை போடும் அதிகாரியின் மேஜைக்குப் போகவில்லை என்றால், அவர் பாதிப் படத்தைப் பார்த்துத்தான் முடிவெடுத்திருக்கிறார். எழுபதுகளின் இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் இதற்காக ஓர் ஆணையை ரத்து செய்திருக்கிறது.

முறையீடு எங்கே போய் நின்றது?

எனக்கு மனதை மிகவும் உறுத்தும் பகுதி இது. உள்ளே இருப்பவர் ஒரு முறையீடு எழுதுகிறார். வக்கீல் வாதம் இல்லாத, விசாரணை இல்லாத அமைப்பில் அவர் குரல் வெளியே போகும் ஒரே வழி அந்தக் காகிதம். ஆணையிட்ட அதிகாரிக்கு, மாநில அரசுக்கு, மத்திய அரசுக்கு என்று அது போகும். ஆணையிட்ட அதிகாரியிடமும் முறையிடலாம் என்பதை அவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று 1995இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது; அந்த ஒரு வரி காவல் ஆணையில் இல்லாததால் ரத்தான ஆணைகள் உண்டு.

காகிதம் வந்த பிறகு எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும்? சட்டத்தில் எண் இல்லை. ‘எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம்’. நடைமுறையில் நீதிமன்றம் ஒவ்வொரு நாளுக்கும் கணக்குக் கேட்கும். என்றைக்கு வந்தது, எந்த மேஜையில் எத்தனை நாள் இருந்தது, நடுவில் எத்தனை விடுமுறை. 1990களின் இறுதியில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்தார் என்பதால் கோப்பு 5 நாள் காத்திருந்தது. அமைச்சர் ஊரில் இல்லை என்பது ஒருவரை உள்ளே வைத்திருப்பதற்கான காரணமாகாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 5 நாள்தானே என்று நமக்குத் தோன்றலாம். வெளியே இருப்பவருக்கு அது 5 நாள்.

அறிவுரைக் கழகம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு முறையீட்டைக் கவனிக்கலாம் என்று காத்திருப்பதும் கூடாது. இரண்டும் தனித்தனிக் கடமை. 2020 மார்ச்சில் ஒரு காஃபிபோசா காவலை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது இதற்காகவே.

2024 செப்டம்பரில் வந்த தீர்ப்பு இன்னும் வேதனையானது. கேரளத்தைச் சேர்ந்தவர், தங்கம் அல்ல, ஹவாலா குற்றச்சாட்டு, ஆனால் சட்டம் அதே காஃபிபோசா. சிறையில் அவர் கொடுத்த முறையீட்டைச் சிறை நிர்வாகம் சாதாரணத் தபாலில் அனுப்பிவிட்டது. அது போய்ச் சேரவே இல்லை. பதில் வருவதற்கு ஏறக்குறைய 9 மாதம் ஆயிற்று. மொத்தக் காவலே ஓராண்டுதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த 9 மாதத்தைப் பாருங்கள். மின்னஞ்சல் இருக்கும் காலத்தில் இப்படியா என்று நீதிமன்றம் கடிந்துகொண்டு, ஒரு முக்கிய சாட்சியின் வாக்குமூலப் படி தரப்படாததையும் சேர்த்துச் சொல்லி, காவலை ரத்து செய்தது.

ஏற்கெனவே ஜெயிலில் இருப்பவருக்கு எதற்குக் காவல்?

தடுப்பதற்குத்தானே இந்த ஆணை? ஏற்கெனவே உள்ளே இருப்பவர் எப்படிக் கடத்துவார்? கேள்வி நியாயமானது. 1990களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வரையறை வைத்தது. அவர் காவலில் இருப்பது அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜாமீனில் வெளியே வரும் உண்மையான வாய்ப்பு இருப்பதாக நம்பக் காரணம் இருக்க வேண்டும். வந்தால் திரும்ப அதே வேலையில் இறங்குவார் என்பதற்கும் ஆதாரம் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் ஆணை நிற்காது.

ஜாமீனில் வெளியே வந்துவிட்டவர் விஷயத்தில் கேள்வி வேறு. 2025 மார்ச்சில், தங்கக் கடத்தல் கும்பல் ஒன்றைச் சேர்ந்தவர் என்று குற்றம் சாட்டப்பட்டவரின் காவலை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மாஜிஸ்திரேட் சில நிபந்தனைகளோடு ஜாமீன் தந்திருந்தார். அந்த நிபந்தனைகளே மறுபடியும் கடத்தாமல் தடுக்கப் போதுமா என்று காவல் ஆணையிட்ட அதிகாரி யோசித்ததாகவே ஆணையில் தெரியவில்லை. போதாது என்று அவர் காரணத்தோடு எழுதியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். யோசிக்கவே இல்லை என்பதுதான் குறை.

இதற்கெல்லாம் பின்னால் நிற்பது 2011இல் தமிழ்நாட்டிலிருந்து போன ரேகா வழக்கு. காலாவதியான மருந்துகளின் லேபிளை மாற்றி விற்றதாகக் குண்டர் சட்டத்தில் வைக்கப்பட்டவரின் மனைவி போட்ட மனு அது. சாதாரணச் சட்டமே சமாளிக்கப் போதுமானதாக இருக்கும்போது தடுப்புக் காவலைக் கையில் எடுப்பது சட்டவிரோதம் என்றது மூன்று நீதிபதிகள் அமர்வு.

தாமதமும் இதோடு சேர்ந்தது. நாளைக்கே மறுபடியும் கடத்துவார் என்ற அவசரம் உண்மையாக இருந்தால், அரசு ஆற அமர ஆணை போடாது. 1989இல் கேரள வழக்கு ஒன்றில், சம்பவம் நடந்து 11 மாதம் கழித்து ஆணை வந்தது. ஆணையை நிறைவேற்ற இன்னும் 3 மாதம். அந்தச் சம்பவத்துக்கும் இந்தக் காவலுக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது என்று நீதிமன்றம் சொன்னது. புலன்விசாரணை பல ஊர்களில் நடந்தது, ஆள் தலைமறைவானார் என்பது போன்ற விளக்கம் இருந்தால் தாமதம் மன்னிக்கப்படும். விளக்கமே இல்லாத தாமதம்தான் ஆணையைக் கவிழ்க்கும்.

கடவுச்சீட்டைச் சுங்கத் துறை பிடித்து வைத்திருக்கும்போது ஒருவர் எப்படி வெளிநாடு போய்த் தங்கம் கொண்டுவருவார் என்ற வாதமும் அடிக்கடி வரும். 2002இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஆள் வைத்துக் கடத்துபவருக்குக் கடவுச்சீட்டு எதற்கு என்று கேட்டு மறுத்த தீர்ப்புகளும் உண்டு. குருவிக்குப் பொருந்துவது முதலாளிக்குப் பொருந்தாது.

அரசு ஜெயிக்கும் வழக்குகள்

எல்லா மனுவும் விடுதலையில் முடியும் என்று நினைக்க வேண்டாம். 2019இல் ஒரு பெரிய வழக்கு. உலோகக் கழிவுச் சரக்குக்குள் மறைத்து 3,000 கிலோவுக்கு மேல் தங்கம் கொண்டுவந்ததாக டி.ஆர்.ஐ. குற்றம் சாட்டியது. ஆணையோடு எல்லா ஆவணங்களையும் உடனே தரவில்லை என்றும், உள்ளே இருப்பவருக்கு இந்த ஆணை தேவையில்லை என்றும் வாதம். பம்பாய் உயர் நீதிமன்றம் காவலை ரத்து செய்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. சட்டம் 5 நாள் அவகாசம் தருகிறது, ஆவணங்கள் அதற்குள் கைக்கு வந்துவிட்டன. காவலில் இருப்பதையும் ஜாமீன் வாய்ப்பையும் அதிகாரி எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறார். தீர்ப்பை எழுதியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி ஆர். பானுமதி. முறையாகச் செய்த ஆணை நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

கைதாவதற்கு முன்பே ஆணையை எதிர்க்கலாமா? முடியும், ஆனால் வாசல் மிகக் குறுகல். ஆள் மாறிவிட்டது, அதிகாரமே இல்லாதவர் ஆணையிட்டார், வேறு நோக்கத்துக்காகப் போடப்பட்டது என்பது போன்ற சில காரணங்களை 1990இல் உச்ச நீதிமன்றம் எண்ணிச் சொன்னது. தலைமறைவாக இருந்துகொண்டே வழக்கு நடத்துவதை நீதிமன்றங்கள் விரும்புவதில்லை.

‘நுணுக்கத்தால் தப்பித்தார்’ என்ற பேச்சு

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குற்ற வழக்கில் ஒரு காகிதம் தாமதமானால், விசாரணை என்ற பெரிய பாதுகாப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது. தடுப்புக் காவலில் அந்தக் காகிதமும் அந்த நாள் கணக்கும்தான் பாதுகாப்பு; அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. அதைத் தளர்த்தினால், கடத்தல்காரருக்கு மட்டும் தளர்த்தியதாக ஆகாது. அதே நடைமுறை நாளை குண்டர் சட்டத்தில் வைக்கப்படும் போராட்டக்காரருக்கும், ஆள் தெரியாமல் பையைத் தூக்கி வந்த பெண்ணுக்கும்தான்.

விடுவிக்கப்பட்டவர் குற்றமற்றவர் என்று யாரும் சொல்லிவிடவில்லை. சுங்க வழக்கு தொடரும், தங்கத்தைப் பறிமுதல் செய்யும் நடவடிக்கை தொடரும். தங்க விஷயத்தில் சுங்கச் சட்டம் கடுமையானது: நியாயமான நம்பிக்கையின் பேரில் பிடிக்கப்பட்ட தங்கம் கடத்தல் தங்கம் அல்ல என்று காட்டும் பொறுப்பு வைத்திருந்தவருக்கே. அரசின் கையில் ஆயுதம் இல்லாமல் போய்விடவில்லை.

என் குறை வேறு இடத்தில். மனு போட்டு, அரசு பதில் தாக்கல் செய்து, விசாரணைக்கு வந்து, தீர்ப்பு வரும்போது பல வழக்குகளில் ஓராண்டில் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. சட்டவிரோதம் என்று கடைசியில் தெரிய வரும் காவலை அவர் ஏற்கெனவே அனுபவித்துவிட்டார். அந்த மாதங்களை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

காவல் முடிந்த பிறகும் வழக்கு ஏன் நடக்கிறது

ஓராண்டு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் சிலர் அந்த ஆணையை எதிர்த்து வழக்கு நடத்துவார்கள். வீம்பு என்று நினைக்க வேண்டாம். 1976இல் வந்த சஃபெமா என்ற சொத்துப் பறிமுதல் சட்டம் காஃபிபோசாவின் கூடவே வருகிறது. அறிவுரைக் கழகத்தாலோ நீதிமன்றத்தாலோ ரத்தாகாத காவல் ஆணை ஒருவர் மீது இருந்தால், அவருடைய சொத்து மட்டுமல்ல, உறவினர், கூட்டாளிகள் பெயரில் உள்ள சொத்துக்கும் கணக்குக் கேட்டு நோட்டீஸ் வரலாம். சட்டத்துக்கு உட்பட்ட வருமானத்தில் வாங்கியது என்று காட்டும் பொறுப்பு சொத்து வைத்திருப்பவருக்கே. ஆணை ரத்தானால் அந்த நடவடிக்கைக்கு அடித்தளமே போய்விடும். மனைவி பெயரில் இருக்கும் வீட்டைக் காப்பாற்ற, பல ஆண்டு கழித்துப் பழைய காவல் ஆணை மறுபடியும் நீதிமன்றத்துக்கு வருவது இதனால்தான்.

குடும்பத்தில் யாருக்காவது இப்படி ஓர் ஆணை வந்துவிட்டால், முதலில் செய்ய வேண்டியது நாள்களைக் குறித்து வைப்பது. ஆணை என்றைக்குக் கையில் கொடுக்கப்பட்டது, காரணங்கள் என்றைக்கு, ஆவணக் கட்டில் எத்தனை பக்கம், எந்தெந்தப் பக்கம் தெளிவாக இல்லை, தமிழாக்கம் எதற்கு இருக்கிறது எதற்கு இல்லை. முறையீட்டை உள்ளே இருப்பவர் சிறை அதிகாரியிடம் தரும்போது தேதியிட்ட ஒப்புகை வாங்க வேண்டும். வெளியிலிருந்து குடும்பமும் ஒரு படியைப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிவிடலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி காவலில் இருக்கும் எவருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். உயர் நீதிமன்றத்திலும் இதற்கென்று தனிக் குழு இருக்கிறது.